புராஸ்டேட் அழற்சியும் பாக்டீரியாவும்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்து அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பியாகும். இதில் அழற்சி ஏற்படின் அடிக்கடி சிறுநீர் கழித்தல், எரிச்சல், அடிவயிற்று வலி ஆகியவை தோன்றும். இவற்றிற்கெல்லாம் பாக்டீரியாவே காரணம் எனக் கருதுவது பொருந்தாது. இந்நோயாளிகளுள் பாக்டீரியாத் தொற்று உறுதிப்படுவது பத்தில் ஒரு பங்கினருக்கும் குறைவாகவே உள்ளது.

பாக்டீரியாவால் விளையும் அழற்சி இருவகைப்படும். கடும் அழற்சியில் குளிருடன் காய்ச்சல் காணும். சிறுநீர் அடைத்துக்கொள்வதும் உண்டு. சிறுநீரைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு உடனே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். இந்நிலையில் சுரப்பியை அழுத்தித் தேய்த்தால் கிருமிகள் இரத்தத்தில் கலக்கக்கூடும். நாள்பட்ட அழற்சியில், அதே கிருமி மீண்டும் மீண்டும் சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும். இரண்டிலும் பெரும்பாலும் காணப்படுவது, குடலில் வாழும் எஸ்செரிச்சியா கோலை என்னும் பாக்டீரியாவே.

1968இல் மீரெஸ், ஸ்டேமி என்னும் அமெரிக்க மருத்துவர்கள், நாள்பட்ட நோயைக் கண்டறிய ஒரு முறையை வகுத்தனர். சுரப்பியை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் பெறும் மாதிரிகளில் கிருமிகளைத் தனித்தனியே வளர்த்து ஒப்பிடுவதால், தொற்று எவ்விடத்தில் உள்ளது என்பது புலனாகிறது.

பல மருந்துகள் சுரப்பியினுள் எளிதில் ஊடுருவுவதில்லை. ஆதலின் நாள்பட்ட தொற்றுக்கு வாரக்கணக்கில் சிகிச்சை தேவைப்படுகிறது. தொற்று இல்லாதவருக்கு அதே மருந்தை நீண்டநாள் அளிப்பதோ, மருந்தை எதிர்த்து வாழும் கிருமிகள் பெருகவே வழிசெய்யும். 2017இல் இந்திய அரசு வகுத்த தேசியச் செயல் திட்டம் இம்மருந்துகளை முறையறிந்து பயன்படுத்துமாறு வலியுறுத்தியதும் இதன்பொருட்டே. சோதனைக்கூட வசதி பரவுவது இவ்வகையில் இன்றியமையாததாகும்.