இலக்கும் அளவுகோலும்: பேச்சுணர்தல் ஆராய்ச்சித் திட்டமொன்றின் நிர்வாகம்

செயற்கை நுண்ணறிவைக் குறித்து இன்று எழுதப்படுவன பெரும்பாலும் இயந்திரங்களின் ஆற்றலைப் பற்றியவையே. அவ்வாற்றலைத் தேடும் ஆராய்ச்சித் திட்டங்கள் எவ்வாறு நிர்வகிக்கப்படுகின்றன என்பது குறைவாகவே பேசப்படுகிறது. பாலம் கட்டும் பொறியாளர் வேலை முடியும் நாளையும் அதன் செலவையும் ஏறத்தாழ முன்னரே கணித்துவிடலாம். ஆராய்ச்சியிலோ, செல்லவேண்டிய வழி எதுவெனத் தொடக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. அத்தகைய பணிக்குப் பொதுப்பணத்தை ஒதுக்குவோர் எதனைக் கேட்கலாம்? பணி செய்வோர் எதனை வாக்களிக்கலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண, 1971 முதல் 1976 வரை அமெரிக்காவில் நடைபெற்ற பேச்சுணர்தல் ஆராய்ச்சித் திட்டத்தை நாம் இங்கு எடுத்துக்கொள்வோம்.

1. இலக்கை வரையறுத்தல்

மனிதர் தொடர்ச்சியாகப் பேசும் வாக்கியங்களைக் கணிப்பொறி புரிந்துகொள்ளச் செய்ய இயலுமா என்பதே அத்திட்டத்தின் வினா. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைச் சார்ந்த ஆர்ப்பா என்னும் முகமை, திட்டத்தைத் தொடங்குமுன் ஆலன் நியூவெல் தலைமையில் அறிஞர் குழுவொன்றை அமைத்தது. பேச்சைப் புரிந்துகொள்ளும் இயந்திரம் வேண்டும் என்று பொதுப்படக் கூறி அக்குழு நின்றுவிடவில்லை. சொற்கள் 1,000; அமைதியான அறை; நல்ல ஒலிவாங்கி; ஒத்துழைக்கும் பேச்சாளர் பலர்; வரம்புக்குட்பட்ட செயற்கை இலக்கணம்; பொருட்பிழை 10 விழுக்காட்டிற்கும் குறைவு; காலம் ஐந்தாண்டு என அது வரையறுத்தது. நிறைவேறியதா இல்லையா என்று பின்னர் கேட்கத்தக்கவாறு அமைந்த வாக்குறுதி இது. ஐந்தாண்டுக் காலமும் இவ்விலக்கு மாற்றப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

2. வழிகளைத் திறந்துவைத்தல்

இலக்கு ஒன்றாயினும் வழி இன்னதென விதிக்கப்படவில்லை. தொடக்கத்தில் ஐந்து நிறுவனங்கள் பணியில் இறங்கின. இறுதிச் சோதனைவரை தம் அமைப்புகளைக் கொணர்ந்தவை மூன்று. அவற்றுள் ஒன்றான கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் குழுவை நடத்தியவர், சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற ராஜ் ரெட்டி ஆவார்.

அப்பல்கலைக்கழகத்திற்குள்ளேயே இருவேறு கொள்கைகள் நிலவின. ஹியர்சே என்னும் அமைப்பில், ஒலியை அறிந்த பகுதி, சொல்லை அறிந்த பகுதி, இலக்கணத்தை அறிந்த பகுதி ஆகியவை தத்தம் ஊகங்களைக் கூறி ஒன்றையொன்று திருத்தின. டிராகன் என்னும் அமைப்போ அனுமதிக்கப்பட்ட வாக்கியங்கள் அனைத்தையும் ஒரே வலைப்பின்னலாக்கி, நிகழ்தகவுக் கணக்கினால் முழுவதையும் ஆராய்ந்தது. புரூஸ் லொவெர் என்னும் ஆய்வு மாணவர் இவ்விரண்டையும் ஒப்பிட்டு, எக்கூறு உண்மையில் பயன் தருகிறது என்று ஆராய்ந்தார். அம்முயற்சியின் விளைவாக ஹார்ப்பி என்னும் மூன்றாவது அமைப்பு பிறந்தது. அது வலைப்பின்னலை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியிலும் நம்பிக்கை தரும் சில பாதைகளை மட்டும் தொடர்ந்து சென்றது. ஒரே வழி கட்டளையிடப்பட்டிருந்தால் இவ்வொப்பீட்டிற்கு இடமிருந்திராது.

இதற்கு மாறானதோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1982இல் ஜப்பானில் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைக் கணிப்பொறித் திட்டம், தருக்க நிரலாக்கம் என்னும் ஒரே வழியைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொண்டது; அதன் இலக்கோ மிக விரிந்ததாயிருந்தது. 1992இல் அதன் பொறிகள் இயங்கிக் காட்டின. ஆனால் அதற்குள் கணிப்பொறித் தொழில் வேறு திசையில் சென்றுவிட்டது.

3. கணக்கு ஒப்புவித்தல்

1976இல் ஹார்ப்பி 1,011 சொற்களைக் கொண்டு ஐந்து பேச்சாளரின் வாக்கியங்களை 5 விழுக்காடு பொருட்பிழையுடன் புரிந்துகொண்டது. இலக்கு எட்டப்பட்டதென்றே தோன்றும். ஆயினும் கருத்து வேற்றுமை எழுந்தது. அதன் காரணம் யாதெனில், சொற்களின் மொத்தத் தொகை மட்டும் பணியின் கடினத்தைக் காட்டுவதில்லை. வாக்கியத்தின் ஓரிடத்தில் அடுத்து வரக்கூடிய சொற்கள் எத்தனை என்பதே அதனைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஹார்ப்பியின் இலக்கணத்தில் அத்தொகை சராசரியாக 33. பிபிஎன் என்னும் நிறுவனத்தின் அமைப்பில் ஏறத்தாழ 196. பின்னது பாதிக்கும் குறைவான வாக்கியங்களையே சரியாகப் புரிந்துகொண்டது. ஆனால் அது மேற்கொண்ட பணி மிகக் கடினமானது. இலக்கணம் எவ்வளவு கட்டுப்பட்டதாயிருக்கலாம் என்பதைக் குழு எண்ணால் வரையறுக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு பொருள்பற்றிய வாக்கியங்களைக் கொண்டு தன் அமைப்பைச் சோதித்தது. எனவே பெறுபேறுகளை நேருக்கு நேர் ஒப்பிட இயலவில்லை. திட்டம் அவ்வாண்டோடு முடிவுற்றது. ஆராய்ச்சியாளர் எதிர்பார்த்த தொடர்நிதி கிடைக்கவில்லை.

1980களின் நடுப்பகுதியில் அதே முகமை இப்பணியை மீண்டும் தொடங்கியபோது இக்குறை நீக்கப்பட்டது. எல்லாக் குழுக்களுக்கும் ஒரே பேச்சுப் பதிவுகள் வழங்கப்பட்டன. போட்டியில் பங்குபெறாத அரசுத் தர அளவை நிறுவனம் சோதனைகளை ஒழுங்குபடுத்தியது. இலக்கணத்தின் கடினமும் எண்ணாலேயே தெரிவிக்கப்பட்டது.

4. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, வழி தெரியாத பணியில் வாக்களிக்கத்தக்கது இலக்கேயன்றி வழியன்று. இரண்டாவது, அவ்விலக்கை அளக்கும் கோலும், அளப்பவர் யார் என்பதும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். மூன்றாவது, குறித்த நாளில் கேட்கப்படும் கணக்கு ஆராய்ச்சியின் முழுப்பயனையும் காட்டிவிடாது. சில பாதைகளை மட்டும் தொடரும் ஹார்ப்பியின் உத்தி, நிதி நின்றபின்னும் நிலைத்தது. பேச்சுணர்தலிலும் இயந்திர மொழிபெயர்ப்பிலும் அது இன்றும் வழங்குகிறது.

ஓர் இயந்திரம் 95 விழுக்காடு சரியாகச் செயற்படுகிறது என்னும் செய்தி இந்நாட்களில் நம்மையும் வந்தடைகிறது. அதனை ஏற்குமுன், எப்பணியில், எத்தகையோரின் பேச்சில், யார் நடத்திய சோதனையில் என்று வினவுதல் நம் கடமை. அமைதியான அறையில் ஐவரின் குரலைக் கொண்டு பெற்ற எண், சந்தை இரைச்சலில் பேசும் முதியவரைப்பற்றி நமக்கு யாதும் கூறுவதில்லை.