ஏரிக்கரையில் தங்க இடம் தேடுபவர்களுக்கு

கோடை விடுமுறையில் காரில் மலையேறி, ஏரி ஓரமாக ஒரு காட்டேஜில் தங்க நினைக்கிறீர்களா? பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கொடைக்கானல். அங்குள்ள நட்சத்திர வடிவ ஏரி தானாக உருவானதல்ல. 1863-இல், மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், ஓடை நீரைக் கரை கட்டித் தேக்கி உருவாக்கியது. சுற்றி நடந்தால் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர்.

ஆனால் மே மாதத்தில் ஏரிச் சாலையிலேயே அறை எடுப்பது நல்ல யோசனை என்று தோன்றவில்லை. பகல் முழுக்க வாகன நெரிசல், ஹாரன் சத்தம். வில்பட்டி போல ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளித் தங்குங்கள். விடிந்ததும் ஏரிக்கு வாருங்கள். கரையில் கூட்டம் சேருமுன் அந்தக் குளிரில் ஒரு சுற்று நடப்பது, சொல்லிப் புரிய வைக்க முடியாத சுகம்! கூட்டமில்லாத ஏரிதான் வேண்டுமென்றால் பேரிஜம் இருக்கிறது. அது காட்டுக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி வேண்டும், பகலில் போய்த் திரும்பிவிட வேண்டும்.

சேலம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏற்காடு பக்கம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏரி வந்துவிடும். குளிர் மட்டும் கொடைக்கானல் அளவுக்கு இருக்காது.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்லும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். கிளம்புமுன் எடுத்துவிடுங்கள். குடிநீரை வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். மலையிறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏறிய அதே கியரில் இறங்குங்கள்.