காருக்கு அலங்காரம்: எது சரி? எது குற்றம்?

புதிதாகக் கார் வாங்கியவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? கோவில் வாசலில் நிறுத்திப் பூசை போடுகிறார்கள். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள்.

அடுத்த வேலை, காரை அலங்கரிப்பது!

சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் கார் அலங்காரச் சாமான்கள் விற்கும் கடைகள் பல உண்டு. பழைய உதிரி பாகம் வேண்டுமானால் புதுப்பேட்டை இருக்கிறது.

ஆசைப்பட்டு வாங்கிய காரை அழகுபடுத்துவதில் தவறு இல்லை. ஆனால், சில அலங்காரங்கள் உயிருக்கு உலை வைத்துவிடும். சில அலங்காரங்கள் கோர்ட்டுப் படி ஏற வைத்துவிடும்.

அவை எவை?

இரும்பு வேலி

காரின் முன்னால் தடித்த இரும்புக் குழாயில் வேலி போடுகிறார்கள். "மோதினாலும் காருக்கு அடிபடாது" என்பது அவர்கள் எண்ணம்.

காருக்கு அடிபடாமல் இருக்கலாம். உள்ளே இருப்பவருக்கு அடிபடும்!

இன்றைய கார்களின் முன்பகுதி, மோதினால் நசுங்க வேண்டும் என்றே செய்யப்படுகிறது. இந்த முறையைக் கண்டுபிடித்தவர் பேலா பாரெனி என்ற என்ஜினீயர். 1959-ம் ஆண்டில் மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனி, இந்த முறையில் கார் செய்து விற்பனைக்குக் கொண்டு வந்தது.

மோதும் வேகத்தை முன்பகுதி நசுங்கி வாங்கிக் கொள்கிறது. அதனால், ஆட்கள் உட்காரும் இடத்துக்கு வரும் அதிர்ச்சி குறைகிறது. இரும்பு வேலியைக் காரின் சேசிசில் முடுக்கிவிட்டால், அடி நேராக உள்ளே பாய்கிறது.

காரில் உள்ள காற்றுப் பையும் ஏமாந்து போகலாம். மோதலை உணரும் கருவிகள், அதிர்ச்சியை அளந்துதான் பையை விரிக்கின்றன. வேலி இருந்தால் அந்தக் கணக்கு மாறிவிடும். கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிய வேண்டிய பை, தாமதித்தால் என்ன பயன்?

தெருவில் நடந்து போகிறவர் மீது கார் மோதினால், இரும்பு வேலி அவருக்கு எமனாகிவிடும். இந்த வேலிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி, 2017 டிசம்பரில் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது.

பிள்ளையார் எங்கே இருக்கலாம்?

டிரைவருக்குப் பக்கத்து இருக்கையின் எதிரே, பலகைக்குள் ஒரு காற்றுப் பை மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதன் மூடி மேல் எதையும் ஒட்டக் கூடாது. பை விரியும்போது அந்தப் பொருள் கல் போலப் பறந்து வந்து முகத்தில் அடிக்கும். பிள்ளையார் சிலையானாலும் அங்கே வேண்டாம்.

சில கார்களில் இருக்கையின் ஓரத்திலும் காற்றுப் பை உண்டு. அதில் இறுக்கமான உறை போட்டால், பை விரிய வழி இருக்காது. உறை வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

டிரைவரின் காலடியில் போடும் மிதியடி விரிப்பும் நகரக் கூடாது. நகர்ந்து போய் பிரேக்குக்கு அடியில் சிக்கினால் ஆபத்து.

பல்பு மாற்றினால் தீப்பிடிக்குமா?

"வெளிச்சம் போதவில்லை" என்று 60 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100 வாட் பல்பு போடுகிறவர்கள் உண்டு.

கணக்குப் பாருங்கள். கார் பேட்டரி 12 வோல்ட். 60 வாட் பல்பு 5 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒயரில் உண்டாகும் சூடோ ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிவிடும்!

அந்தச் சூட்டைத் தாங்கும்படி ஒயர் போடப்படவில்லை. மேல் உறை உருகும். ஒயர்கள் ஒட்டிக் கொள்ளும். தீப்பிடிக்கலாம். எதிரே வருகிறவரின் கண்ணும் கூசும்.

கூடுதல் விளக்கோ பாட்டுப் பெட்டியோ வைப்பதானால், இருக்கிற ஒயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள். தனியே பியூஸ் போடச் சொல்லுங்கள்.

கறுப்புக் கண்ணாடி

கார்க் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டுவதற்கு எதிராக, 2012 ஏப்ரல் 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது.

முன், பின் கண்ணாடிகள் வழியே 100-க்கு 70 பங்கு வெளிச்சமாவது புக வேண்டும். பக்கத்துக் கண்ணாடிகள் வழியே 50 பங்காவது புக வேண்டும். இதுதான் விதி.

சட்டம் என்ன சொல்கிறது?

உங்கள் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். காரின் நிறம், எரிபொருள், எத்தனை பேர் உட்காரலாம், என்ஜின் நம்பர் எல்லாம் அதில் இருக்கும்.

கம்பெனி குறிப்பிட்டதற்கும் ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் வித்தியாசம் வரும்படி காரை மாற்றக் கூடாது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இப்படிக் கூறுகிறது. 2019 ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று அந்தத் திருத்தம் கூறியது.

கேட்டால் கிடைக்கும்

சட்டம் எல்லாவற்றையும் தடுக்கிறதா? இல்லை.

பெட்ரோல் காரை கேஸ் காராக மாற்றலாம். அங்கீகாரம் பெற்ற கருவியை, அங்கீகாரம் பெற்ற இடத்தில் பொருத்த வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யில் பதிய வேண்டும். சி.என்.ஜி. சிலிண்டரை 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். சமையல் கேஸ் சிலிண்டரில் இருந்து காருக்கு கேஸ் ஏற்றுவது பெரும் குற்றம், உயிருக்கும் ஆபத்து.

கால் ஊனமுற்றவர்களுக்கும் சட்டம் வழிவிட்டிருக்கிறது. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையாலேயே இயக்கும்படி காரை மாற்றி, பதிவு செய்து ஓட்டலாம். பிறர் உதவியை எதிர்பார்த்திருந்த ஒருவர், தானே காரை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகலாம்!

மூன்று கேள்விகள்

கடைக்காரர் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுக்கும் முன், மூன்று கேள்விகள் கேளுங்கள்.

இது காற்றுப் பையையோ, பிரேக்கையோ, விளக்கையோ பாதிக்குமா?

ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுமா? மாறும் என்றால், முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லியாயிற்றா? சொல்லாமல் மாற்றிவிட்டு, விபத்துக்குப் பிறகு பணம் கேட்டால் தகராறுதான் வரும்.

மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்தால், வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். பில்லை வாங்கி ஆர்.சி.யோடு சேர்த்து வையுங்கள்.