யூசர் போர்ட்டில் ஒரு எல்.இ.டி.

போன டிசம்பர் லீவுல கொடைக்கானல் போயிருந்தேன். சித்தப்பா வேலை பார்க்கும் பள்ளியில் ஸ்டோர் ரூமைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். எடைக்குப் போடக் கட்டி வைத்த நோட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு பிபிசி மைக்ரோ! 1984-ல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த அதே மாடல். "வேணும்னா எடுத்துக்கோடா" என்றார் சித்தப்பா.

திருப்பிப் பார்த்தால் அடியில் வரிசையாகப் போர்ட்டுகள். அதில் ஒன்று 'யூசர் போர்ட்', 20 பின். ஒரு எல்.இ.டி. எரிய வைக்கணும்னு ஆசை. ஆனா எந்தப் பின்னில் என்ன வருது? மேனுவல் இல்லை.

உங்களுக்கும் இப்படி ஒரு பழைய மெஷின் கிடைத்தால், அதன் பெயரை மட்டும் தேடாதீங்க. மூடியைக் கழற்றி, போர்ட்டிலிருந்து போகும் தடம் எந்தச் சிப்பில் முடியுதுன்னு மல்டிமீட்டரில் பாருங்க. இங்கே அது 6522. மெஷின் நின்றுபோய் பல வருஷம் ஆச்சு. அந்தச் சிப்பின் வாரிசு இன்னும் விற்பனையில் இருக்கு. டேட்டாஷீட் ஈஸியா கிடைக்கும். எல்.இ.டி.யை நேரா மாட்டினால் அந்தப் பின்னால் போதுமான கரன்ட் தர முடியாது, நடுவில் டிரான்சிஸ்டர் வேணும் என்பதை அதுதான் சொன்னது.

ஆனா சிப் எந்த முகவரியில் உட்கார்ந்திருக்குன்னு டேட்டாஷீட் சொல்லாது. அதற்கு மெஷினின் புத்தகம் வேணும். 1983-ல் வந்த 'அட்வான்ஸ்டு யூசர் கைடு' ஸ்கேன் ஆகி இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கு. ஹெக்ஸில் எஃப்இ62-ல் 255 எழுதினால் எட்டு லைனும் அவுட்புட். எஃப்இ60-ல் 1 எழுதினால் முதல் லைன் ஹை.

நெட்டில் கிடைக்கும் பின் படத்தை அப்படியே நம்பாதீங்க. போர்டு பக்கமிருந்து வரைந்ததும் கேபிள் பக்கமிருந்து வரைந்ததும் கண்ணாடி பிம்பம் மாதிரி மாறும். கிரவுண்ட் பின்களை மீட்டரில் சரிபார்த்த பிறகே வயரை மாட்டுங்க.

இன்னொன்று: உடனே பிளக்கைச் சொருகாதீங்க. இதன் பவர் சப்ளையில் உள்ள பழைய பேப்பர் கெபாசிட்டர் விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சும், கரன்ட் வந்ததும் புகையும். கொடைக்கானல் பனிமூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். நான் மாற்றிவிட்டுத்தான் ஆன் செய்தேன்.

எல்.இ.டி. எரிந்தது. ஆனா ஒரு வருத்தம். அந்தக் கட்டில் ஒரு லேப் நோட்டு இருந்தது. யாரோ ஒரு மாணவர் யூசர் போர்ட்டில் டிராபிக் சிக்னல் மாடல் இணைத்த சர்க்யூட்டைப் பேனாவால் வரைந்திருந்தார். அடுத்த நாள் போய்க் கேட்டால், கட்டு எடைக்குப் போயாச்சு. கைடு எத்தனையோ பேரிடம் இருக்கும். அந்த நோட்டு ஒன்றே ஒன்றுதான்.

உங்க கண்ணில் பட்டால், முதலில் போனில் ஒரு போட்டோ எடுங்க.