கடல் கடந்த உத்தியோகமும் பிள்ளைகளும்

பிறநாட்டிலிருந்து வரும் நியமனக் கடிதத்தில் ஒருவருடைய பெயர் மாத்திரமே இருக்கும். அவருக்குரிய சம்பளம், தங்குமிடம், விடுமுறை, பிரயாணச் செலவு ஆகியவை அதிலே ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். அவருடன் செல்லும் வாழ்க்கைத்துணை அங்கே பகற்பொழுதை யாருடன் கழிப்பார், ஏழு வயதுப் பிள்ளை எந்த மொழியிலே பாடம் படிக்கும், பத்து ஆண்டுகளின் பின் அப்பிள்ளை எந்த நாட்டைத் தன் நாடு என்று சொல்லும் என்பவற்றுக்கு அக்கடிதத்தில் விடை இராது. உத்தியோகம் ஒருவருக்கு, இடமாற்றமோ குடும்பம் முழுவதற்கும். இவ்வேறுபாட்டை எண்ணாமற் புறப்படுவதனாலேயே பல குடும்பங்கள் பின்னர் இடர்ப்படுகின்றன.

இதனை விளங்கிக்கொள்ள நெடுந்தூரம் தேடவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தவர் மலாயாவிற் பெற்ற அநுபவமே போதிய சான்றாகும். நேயர்கள் பலருடைய வீடுகளிலே, அக்காலத்திற் கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ எடுக்கப்பட்ட குடும்பப் படமொன்று இன்றும் சுவரிலே தொங்கக்கூடும்.

1874ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட பாங்கோர் உடன்படிக்கையின் பின், பேராக், சிலாங்கூர் முதலிய மலாய் அரசுகளிலே பிரித்தானியரின் ஆட்சி வேரூன்றத் தொடங்கியது. ஈயச் சுரங்கங்களிலிருந்து துறைமுகங்களுக்குப் பாதைகள் வேண்டியிருந்தன. 1885ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரையும் ஏறக்குறைய எட்டு மைல் நீளமான முதலாவது புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. மறு ஆண்டிலே கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையிலே பாதை அமைந்தது. 1896இல் நான்கு அரசுகள் சேர்ந்து கூட்டு மலாய் நாடுகள் ஆனபோது, அரசாங்கக் கந்தோர்களும் பெருகின. இவற்றை நடத்துவதற்கு ஆங்கிலம் எழுதவும் கணக்கு வைக்கவும் தெரிந்தோர் தேவைப்பட்டனர்.

யாழ்ப்பாணத்திலோ 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிலே செமினரி தொடங்கிய காலந் தொட்டு ஆங்கிலக் கல்வி பரவியிருந்தது. படித்தவர் தொகைக்கு ஏற்ற உத்தியோகம் ஊரில் இல்லை. பங்கிட்டுப் பங்கிட்டுச் சுருங்கிய காணியும் குடும்பத்துக்குப் போதவில்லை. ஆகவே இலிகிதர்களாகவும், புகையிரத நிலைய அதிபர்களாகவும், நில அளவையாளர்களாகவும், ஆசிரியர்களாகவும் இளைஞர்கள் கப்பலேறினர். தமிழகத்திலிருந்து இறப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் குடும்பங்கள் பட்ட பாடு வேறு. அது தனியே பேசவேண்டியது. இங்கே கூறப்படுவது மாதச் சம்பளம் பெற்றோரின் குடும்பங்களைப் பற்றியதாகும்.

முதலிற் சென்றவர்கள் பெரும்பாலும் தனியாகவே சென்றனர். ஓர் ஊரவர் நாலைந்து பேர் ஒரு வீட்டிற் கூடியிருந்து சமைத்து உண்டனர். சில ஆண்டுகளின் பின் நீண்ட விடுமுறை பெற்று ஊர் வந்து, பெரியோர் பார்த்த பெண்ணை மணம் முடித்து அழைத்துச் சென்றனர். புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வரையும் நிறைவுறும் முன், கொழும்புக்குப் போய்ச் சேர்வதே ஒரு பெரும் பிரயாணம். அங்கிருந்து கப்பலிற் பினாங்குக்குப் போய், மீண்டும் தரைவழியே உள்நாட்டு ஊரொன்றை அடையவேண்டும்.

அவ்வூரை அடைந்த பின் கணவனுடைய நிலையும் மனைவியுடைய நிலையும் ஒன்றாய் இருக்கவில்லை. கணவனுக்குக் கந்தோர் காத்திருந்தது. அங்கே வழங்கிய ஆங்கிலம் அவர் படித்த ஆங்கிலமே. அயல் மேசையிலே உடுவிலாரோ மானிப்பாயாரோ இருந்தார். மனைவிக்கோ எல்லாம் புதிது. ஊரிலே வேலிப் பொட்டால் வந்து பேசியிருந்து போகும் மாமியும் மச்சாளும் இங்கே இல்லை. சிறு நிலையமொன்றின் அருகேயுள்ள அரசாங்க விடுதியில், மலாய்க்காரரும் சீனருமான அயலவரிடையே, சந்தையிற் பேசும் மலாய் மொழியைச் சொல் சொல்லாகப் பொறுக்கியெடுத்து அவர் குடித்தனம் நடத்தினார். பேறுகாலத்திலே சரக்கரைத்துப் பத்தியம் வைத்துக் கொடுக்கத் தாயார் பக்கத்தில் இல்லை.

ஆதலினால் இயன்றவர்கள் பேறுகாலத்துக்கு ஊர் திரும்பினர். விடுமுறையில் வந்திருந்த வேளையிலும் பிள்ளைகள் பிறந்தனர். சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டமைச்சராக 1965 முதல் 1980 வரை விளங்கிய சி. இராஜரத்தினம் 1915ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிற் பிறந்தவர். கைக்குழந்தையாகவே மலாயாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே வளர்ந்தவர். அந்நாட்டு எதிர்க்கட்சி அரசியலிற் புகழ்பெற்ற ஜே. பி. ஜெயரத்தினம் 1926ஆம் ஆண்டிற் பெற்றோர் விடுமுறையில் வந்திருந்தபோது யாழ்ப்பாணத்திற் பிறந்து, ஜொகூரிலே வளர்ந்தவர். இவர்கள் வேறொரு நாட்டின் வரலாற்றிலே இடம்பெற்றமை பெருமைக்குரியதே. ஆயினும் அக்காலத்துப் பெற்றோர் பலர் போட்ட கணக்கு இதுவன்று. உழைத்து, ஊரிலே வீடு கட்டி, ஓய்வூதியத்துடன் திரும்புவதே அவர்களுடைய எண்ணம். பெற்றோர் திரும்பிச் செல்லக் கருதிய ஊர், பிள்ளைகளுக்கு விடுமுறையிற் கண்ட ஊராக மாத்திரமே இருந்தது.

பிள்ளைகளின் படிப்பைப் பொறுத்தவரையில் இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, பிள்ளைகளைத் தம்முடனேயே வைத்து அங்குள்ள ஆங்கிலப் பாடசாலைகளிற் படிப்பித்தல். கோலாலம்பூரிலே 1893ஆம் ஆண்டில் விக்டோரியா நிலையம் தொடங்கப்பெற்றது. தைப்பிங், சிரம்பான் முதலிய நகரங்களிலும் நல்ல பாடசாலைகள் இருந்தன. இவ்வழியிற் சென்ற பிள்ளைகள் ஆங்கிலத்திலே தேர்ச்சி பெற்றனர். மலாய் மொழியை விளையாட்டிலேயே கற்றனர். தாயார் பேசிய தமிழைக் கேட்டு விளங்கினர். ஆனால், தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கற்பிக்க ஒருவர் இல்லாத வீட்டிலே, அம்மம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதவும் பிள்ளை தந்தையாரின் கையையே எதிர்பார்க்க நேர்ந்தது.

இரண்டாவது வழி, படிக்கும் வயது வந்ததும் பிள்ளைகளை யாழ்ப்பாணத்திற் பேரன் பேர்த்தியிடமோ கல்லூரி விடுதியிலோ விடுதல். பெண்பிள்ளைகளுக்கு 1824ஆம் ஆண்டு முதலே உடுவிலில் விடுதிப் பாடசாலை இருந்தது. ஆண்பிள்ளைகளுக்கும் பல கல்லூரிகள் இருந்தன. இவ்வழியிலே மொழியும் சமயமும் உறவும் குறைவின்றிக் கிடைத்தன. தந்தையோ படத்திலும் மாதந்தோறும் வரும் மணியோடரிலும் அறியப்படுபவர் ஆனார். ஒரு வழியில் மொழி குறைந்தது. மற்றைய வழியில் ஒருவரையொருவர் அறியும் பழக்கம் குறைந்தது.

இவற்றுள் எது நல்லது என்பதற்குப் பிள்ளையின் வயதே பெரும்பாலும் விடை சொல்லும். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு முன் இடம்பெயரும் பிள்ளை புதிய மொழியை விரைவாகப் பற்றிக்கொள்ளும். பயிற்சியில்லாவிடின் வீட்டுமொழியையும் அதே விரைவில் நழுவவிடும். பேச்சு, வீட்டிலே நாள்தோறும் வழங்கினாற் பிழைக்கும். எழுத்தோ ஒரு குறித்த நேரமும், புத்தகமும், கற்பிப்பவரும் இல்லாமற் பிழையாது. இதற்கு மாறாகப் பதின்மூன்று, பதினான்கு வயதிற் செல்லும் பிள்ளை தாய்மொழியை எளிதில் மறவாது. ஆயினும் பரீட்சைக்குரிய ஆண்டுகளிலே பாடத்திட்டம் மாறுவதனாலும், உற்ற நண்பரை விட்டுப் பிரிவதனாலும் அது கூடுதலாகத் தளரும். ஆகவே ஒரே வீட்டிலுள்ள இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே இடமாற்றம் இரண்டு விதமாக அமையும்.

பெற்றோர் கவனிக்கத் தவறும் மற்றொன்றும் உண்டு. புதிய மொழியை முதலிற் கற்பது பிள்ளையே. கடைக்காரரிடமும் வைத்தியரிடமும் தாய்க்காகப் பேசுவதும் அப்பிள்ளையே ஆகின்றது. சிறிது காலம் இது உதவியாய்த் தோன்றும். நாளடைவிலே, வீட்டுக்கு வெளியே தாய்க்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் பிள்ளையின் மனத்தில் வேர்விடும். இதனைத் தடுக்கும் வழி, உத்தியோகமில்லாத வாழ்க்கைத்துணையும் அந்நாட்டு மொழியைத் தொடக்கத்திலேயே பயின்று, தமக்கென ஒரு பழக்கவட்டத்தைத் தேடிக்கொள்வதேயாகும்.

மலாயாவிற் குடியேறியோர் இத்தேவையைக் கூட்டாக நிறைவேற்றினர். கோலாலம்பூரிலே புகையிரத ஊழியர் நிறைந்திருந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் 1904ஆம் ஆண்டில் விவேகானந்த ஆச்சிரமத்தை நிறுவினர். அப்பகுதியிலேயே கந்தசுவாமி கோயிலையும் எழுப்பினர். சங்கங்கள் அமைத்தனர். யாழ்ப்பாணத்தில் 1889 முதல் வெளிவந்த இந்து சாதனத்தைத் தருவித்து வாசித்தனர். இவற்றின் பயன் வழிபாடும் செய்தியும் மாத்திரமன்று. தாய் தந்தையரைத் தவிர வேறு பலரும் தமிழ் பேசுகின்றனர், அம்மொழியிலே ஆடிப் பாடி விளையாடும் ஒத்த வயதினரும் உள்ளனர் என்பதைப் பிள்ளைகள் கண்டனர். பெற்றோரின் கட்டளைக்காக மாத்திரம் பேசும் மொழி நிலையாது. பிறரோடு பழகுவதற்குத் தேவைப்படும் மொழியே நிலைக்கும்.

இவ்வளவு முயற்சியாற் கட்டிய வாழ்வும் ஒருவருடைய உத்தியோகத்திலேயே தங்கியிருந்தது. 1930ஆம் ஆண்டையொட்டி எழுந்த உலகப் பொருளாதார மந்தத்தில் இறப்பரும் ஈயமும் விலை வீழ்ந்தன. அரசாங்கம் ஆட்குறைப்புச் செய்தது. உத்தியோகம் போனபோது விடுதியும் போயிற்று. பிள்ளைகளின் படிப்பும் இடையிலே அறுந்தது.

அதனினும் கொடியது யுத்தம். 1941ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆந் திகதி யப்பானியப் படைகள் மலாயாவில் இறங்கின. 1942 பெப்ருவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1945 செப்ரெம்பரிற் பிரித்தானியர் மீளும்வரை மூன்றரை ஆண்டுகள் சென்றன. அக்காலத்தில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் இடையே வழக்கமான தபால் இல்லை, மணியோடரும் இல்லை. யாழ்ப்பாணத்திற் பிள்ளைகளுடன் இருந்த மனைவியர், கணவர் உயிருடன் உள்ளாரோ என்று அறியாமலே தோட்டத்தையும் நகையையும் கொண்டு குடும்பத்தைக் காத்தனர். மலாயாவிலிருந்த பெற்றோர், அரிசிக்குப் பதிலாக மரவள்ளிக்கிழங்கை உண்டு, ஊரில் விட்ட பிள்ளையின் வளர்ச்சியைக் கற்பனையிலே கண்டனர். பிரிந்தபோது எட்டு வயதாயிருந்த பிள்ளைக்குக் கடிதம் மீண்டும் வந்தபோது வயது பன்னிரண்டு. தந்தையின் கையெழுத்தை அப்பிள்ளை புதிதாக அறியவேண்டியிருந்தது.

யுத்தம் முடிந்த பின் வேறொரு வினா எழுந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் இலங்கைப் பிரசை யாவர் என்பது வரையறுக்கப்பட்டது. மலாயா 1957ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31இற் சுதந்திரம் பெற்றது. ஒரே பேரரசின் இரு பகுதிகளாயிருந்த நாடுகள் இரண்டு தனி நாடுகளாயின. பெற்றோர் ஊர் திரும்பவும், பிள்ளைகள் அங்கேயே பிரசைகளாகி நிலைக்கவும் குடும்பங்கள் பிரிந்தன. எவரும் குற்றம் செய்யவில்லை. பிள்ளைகள் வளர்ந்த இடத்திலே வேர்விட்டிருந்தனர்.

இன்று செல்லும் திசைகள் மாறியுள்ளன. வளைகுடா நாடுகளுக்கும், ஐரோப்பாவுக்கும், கனடாவுக்கும், அவுஸ்திரேலியாவுக்கும் குடும்பங்கள் போகின்றன. சில குடும்பங்களில் உத்தியோகம் மனைவிக்கு. உடன் செல்பவர் கணவர். முகம் பார்த்துப் பேசத் தொலைபேசியும் உண்டு. எனினும் அடிப்படை வினாக்கள் மாறவில்லை. வளைகுடா நாடுகளிற் பிள்ளையின் வதிவிட அனுமதி பெரும்பாலும் பெற்றோரின் வேலையோடே பிணைந்துள்ளது. வேலை முடிந்தால் அதுவும் முடியும்.

ஆதலின் புறப்படுமுன் சிலவற்றைத் தீர்மானித்தல் நன்று. பிள்ளை எந்தப் பாடத்திட்டத்திற் படிக்கும், திரும்பி வந்தால் எந்த வகுப்பிற் சேரலாம் என்பதை முதலில் அறிதல் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், விடுகைப் பத்திரம், தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோதல் வேண்டும். வெளிநாட்டிற் பிறக்கும் பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் இலங்கைத் தூதரகத்தின் வாயிலாகப் பதிவு செய்தல் வேண்டும். முன்னர் தந்தை வழியாகவே கிடைத்த வம்சாவளிப் பிரசாவுரிமை, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தாய் வழியாகவும் கிடைக்கின்றது. நாள்தோறும் அரைமணி நேரமேனும் தமிழ் வாசிக்கவும் எழுதவும் ஒதுக்குதல் வேண்டும். உத்தியோகம் எதிர்பாராமல் நின்றால் குடும்பம் சில மாதங்கள் தாங்குவதற்கும் ஊர் திரும்புவதற்கும் வேண்டிய பணத்தைத் தொடாமல் வைத்தல் வேண்டும்.

இவற்றோடு செய்யவேண்டிய இன்னொன்று செலவற்றது. பிள்ளைகளை அருகிலே இருத்தி, எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம், எவ்வளவு காலம் இருப்போம் என்பதை அவர்கள் விளங்கும் சொற்களிலே சொல்லுதல் வேண்டும். திரும்பி வரும் காலம் பெற்றோருக்கே நிச்சயமில்லையெனின், அதனையும் மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். பொய்யான தவணையை நம்பிக் காத்திருக்கும் பிள்ளை, போன ஊரிலும் மனம் பொருந்தாது. விட்டுவந்த ஊரையும் ஒரு குறையாகவே நினைத்திருக்கும். உண்மையை அறிந்த பிள்ளை, சிறிது அழுதாலும், பெற்றோருடன் சேர்ந்து புறப்படும்.