மலைநாட்டில் குளிரும் விறகும்

இடுக்கி மாவட்டத்து மூணாறு, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சனவரியில் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் சில இரவுகள் உறைபனி படிகின்றது. லயங்களில் வாழும் நம்மவர் பலர்க்கு அடுப்பே கணப்பு. குளிர் மிகுந்தால் விறகுச் செலவும் மிகும்.

ஈர விறகை எரித்தால், வெப்பத்தின் ஒரு பகுதி அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே வீணாகின்றது. ஆதலின், தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே விறகைப் பிளந்து, நனையாத இடத்தில் காற்றாட அடுக்குதல் வேண்டும். பாயின் அடியில் சாக்கு விரித்தால், உடற்சூடு தரைக்கு இறங்குவது குறையும்.

ஆயினும், சூட்டைக் காக்கக் கதவுகளை அடைத்து, கரிச்சட்டியை அருகில் வைத்து உறங்குதல் கூடாது. கரிநெருப்பில் எழும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை எழவிடாது கொல்ல வல்லது. படுக்குமுன் நெருப்பை வெளியே வைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்வோம்.