கொல்லைப்புறத்துக் கடிகாரங்கள்

கிணற்றடியில் இரண்டு வாழை, துவைகல் ஓரம் ஒரு கறிவேப்பிலை, வேலியில் தூதுவளை, மாட்டுக் கொட்டகையின் கூரைமேல் பூசணிக்கொடி, நடுவே ஓர் அவரைப் பந்தல், அதன் நிழல் படாத இடத்தில் மல்லிகைப் புதர், வாசற்படி அருகே துளசி. நம் கிராமத்து வீடுகளின் கொல்லைப்புறம் பெரும்பாலும் இவ்வளவுதான். ஐந்து சென்ட்டுக்குள் எல்லாம் அடங்கிவிடும். இதற்கென்று தனியாக நீர் இறைப்பாரில்லை. பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் ஒரு சிறு வாய்க்கால் வழியே தாமாகவே போய்ச் சேரும். (சலவைத் தூள் கலந்த நீரைக் கீரைப் பாத்திக்கு விடாமல் வாழைக்குத் திருப்பிவிடுவது நலம்.) உரம் என்பது சாணமும் அடுப்புச் சாம்பலுமே.

ஆகவே, நீர் விட்டால் வளரும், எரு போட்டால் காய்க்கும் என்று இத்தோட்டத்தைப் பற்றி எளிதாக எண்ணிவிடுகிறோம். தாவரவியல் மாணவனாகிய நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எங்கள் வீட்டு அவரை விதையையே அழித்துவிடப் பார்த்தது.

அது ஓரத்தில் கத்தரிப்பூ நிறக் கோடு ஓடும் பட்டை அவரை. எங்கள் அப்பாயி திருமணமாகி வந்தபோது முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதை என்று சொல்வார்கள். ஆண்டுதோறும் ஆடியில் விதைத்து, மாசியில் நெற்று எடுத்து, சாம்பலில் புரட்டி மண்கலயத்தில் வைப்பது வழக்கம். 2022-ஆம் ஆண்டு கார்த்திகை மழையில் பந்தல் சரிந்து கொடி அழுகியது. தேறிய நெற்றில் கிடைத்தது இரண்டு பிடி விதை. ‘ஆடி வரை ஏன் காத்திருக்க வேண்டும்? இப்போதே ஒரு பிடியை விதைத்தால் ஆடிக்குள் விதை பெருகிவிடுமே’ என்று கணக்குப் போட்டேன். 2023 மாசியில் விதைத்தும்விட்டேன்.

கொடி அருமையாக வந்தது. சித்திரையில் பந்தலை மூடிவிட்டது. ஆனால், ஒரு பூ இல்லை. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினேன். இலை மேலும் அகன்றதேயன்றிப் பூங்கொத்தைக் காணோம். கண்ணேறு என்று சொல்லிப் பக்கத்து வீட்டார் பந்தற்காலில் பழைய செருப்பு ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார்கள். அப்பாயி மட்டும் கட்டிலில் இருந்தபடியே, “மாசியில எவனாவது அவரை போடுவானாடா? அது மாட்டுக்குத்தான் ஆகும்” என்றார். வைகாசியில் கிணறு அடிமட்டத்துக்குப் போயிற்று. இளந்தளிர் முழுவதும் கறுப்பாக அசுவினி அப்பியது. கொடி காய்ந்தது, ஒரு பிடி விதை போயிற்று.

ஏன் பூக்கவில்லை? விடை என் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. தேர்வுக்குப் படித்ததைக் கொல்லைக்குக் கொண்டுபோகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்க வேளாண்துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இரு அறிவியலார் ‘மேரிலாண்டு மம்மத்’ என்ற புகையிலை வகையை ஆராய்ந்தனர். அது கோடையில் ஆளுயரத்துக்கு மேல் வளருமே தவிரப் பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலுக்குள் வைத்தால் சிறு செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். வெப்பம், ஈரம், உரம் ஆகிய ஒவ்வொன்றையும் மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கடைசியில், கோடைக்காலத்திலேயே செடியை மாலை முன்னேரத்தில் இருட்டறைக்குள் வைத்துப் பகல் நேரத்தைக் குறைத்தபோது அது பூத்தது. 1920-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட இவ்வுண்மையையே ஒளிக்காலத்துவம் என்கிறோம். பகல் குறுகினால் பூப்பவை குறும்பகல் தாவரங்கள்; நீண்டால் பூப்பவை நெடும்பகல் தாவரங்கள்; இரண்டையும் பொருட்படுத்தாதவை நடுநிலைத் தாவரங்கள்.

நம் பழைய கொடி அவரை குறும்பகல் தாவரம். குளிர்நாடுகளில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் பல மணி நேர வேறுபாடு உண்டு. நம் தமிழ்நாட்டில் அப்படி என்ன வேறுபாடு என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் ஆனி மாதத்து நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 45 நிமிடம். மார்கழியின் குறும்பகல் ஏறக்குறைய 11 மணி 30 நிமிடம். வேறுபாடு ஒன்றேகால் மணி நேரமே. அதுவும் ஆறு மாதத்தில் சிறுகச் சிறுக நிகழும் மாற்றம். கைக்கடிகாரம் கட்டிய நாம் உணராத இதை அவரைக்கொடி உணர்கிறது! ஆடியில் விதைத்தால், பகல் குறுகிக்கொண்டு வரும் மாதங்களில் கொடி வளர்ந்து பந்தலேறி, உரிய காலத்தில் பூத்து, பனிக்காலம் முழுவதும் காய்க்கிறது. மாசியில் விதைத்தாலோ அது பகல் நீளும் காலம். எவ்வளவு பிண்ணாக்கு ஊற்றினாலும் அது தழையாகத்தான் போகும். மாசியில் அவரை போடாதே என்ற அப்பாயியின் சொல்லில் இருந்தது இந்தக் கணக்குதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறும்பகல் தாவரம் உண்மையில் அளப்பது பகலை அன்று. இடைவிடாத இரவின் நீளத்தையே அது அளக்கிறது. 1938-இல் ஹாம்னர், பான்னர் என்போர் மருளூமத்தைச் செடியைக் கொண்டு இதனைக் காட்டினர். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் ஒளி படும்படி செய்தால் அது பூக்காமல் நின்றுவிடும். நம் ஊர்த் தரிசுகளில் ஆட்டு மயிரில் ஒட்டிக்கொள்ளும் முள்காய்ச் செடிதான் அது. ஆகவே, பந்தலுக்கு நேர் மேலே இரவெல்லாம் எரியும் விளக்கைத் தவிர்ப்பது நல்லது. செவந்தியும் குறும்பகல் செடியே. பசுமைக்குடில்களில் அதனை வளர்ப்போர் பூ வேண்டாதபோது இரவில் விளக்கேற்றியும், வேண்டும்போது கறுப்புத் துணியால் மூடியும் பூக்கும் நாளைத் தள்ளிப்போடவோ முன்னுக்குக் கொண்டுவரவோ செய்கின்றனர். கொல்லையில் இவ்வளவு பாடு தேவையில்லை. கார்த்திகை வந்தால் அது தானே மலரும்.

இப்படிப் பார்க்கத் தொடங்கினால் கொல்லையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிகாரம் இருப்பது தெரிகிறது. லின்னேயஸ், மலர்கள் விரியும் நேரத்தைக் கொண்டே பொழுதை அறியலாம் என்று 1751-ஆம் ஆண்டிலேயே ‘மலர்க் கடிகாரம்’ ஒன்றை எழுதிவைத்தார். அவர் சுவீடன் நாட்டுச் செடிகளைப் பார்த்து எழுதினார். நமக்கோ அந்திமந்தாரை வேலியிலேயே நிற்கிறது. அது விரிந்தால் அம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கப் போவார்.

பூசணிப் பூ விடியுமுன் விரிந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும். அதற்குத் தேனீ வேண்டும். பீர்க்கம் பூவும் சுரைப் பூவும் மாலையில் விரியும். வெள்ளைச் சுரைப்பூவைத் தேடி இருட்டில் அந்துப்பூச்சி வரும். ‘பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை’ என்று குறைப்படுவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே. நீண்ட மெல்லிய காம்போடு இருப்பது ஆண் பூ. அடியில் சிறு பிஞ்சு போன்ற சூற்பையுடன் இருப்பது பெண் பூ. வெயிலும் நீண்ட பகலும் ஆண் பூக்களைக் கூட்டும்; குளிர்ச்சியும் குறும்பகலும் பெண் பூக்களைக் கூட்டும். மேலும், பூச்சி வராத நாளில் ஆண் பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் நாமே தடவிவிடலாம். பூசணிக்கு இதைக் காலையில் செய்ய வேண்டும். சுரைக்கும் பீர்க்குக்கும் அந்தியில். காலையில் எழுந்து சுரைப்பூவைத் தேடினால் வாடியதுதான் கிடைக்கும்.

மார்கழிக் கோலத்தில் சாண உருண்டைமேல் பூசணிப் பூ வைப்பது நம் வழக்கமல்லவா? அனுபவமுள்ள கை, நீண்ட காம்புள்ள ஆண் பூவைத்தான் பறிக்கும். பெண் பூவைப் பறித்த சிறுமிகளுக்கு எங்கள் தெருவில் திட்டு நிச்சயம். ஆனால், ஆண் பூ எல்லாவற்றையும் கோலத்துக்கே கொண்டுபோய்விட்டால் தேனீ என்ன செய்யும் என்பதும் நினைக்கத்தக்கது.

மல்லிகைக்குப் புதுத் தளிரில்தான் அரும்பு வரும். ஆதலால் கார்த்திகை வாக்கில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிவிட வேண்டும். பச்சைப் புதரை வெட்ட வீட்டில் யாருக்கும் மனம் வராது. வெட்டினால்தான் பங்குனியில் மடி நிறையப் பூ. துளசி வேறு வகை. கதிர் விடத் தொடங்கியதும் இலை சிறுத்துப்போகும். இலை வேண்டுமானால் கதிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தக்காளி பகல் நீளத்தைப் பொருட்படுத்தாது. ஆனால், கோடை இரவின் புழுக்கத்தில் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். கறிவேப்பிலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; நுனியை ஒடித்தால் கிளைக்கும்; புளித்த மோர் ஊற்றுவது எல்லா வீட்டிலும் உண்டு.

‘இத்தனை கணக்கு எதற்கு? கடையில் விதைப் பொட்டலம் இருக்கிறதே’ என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ள குத்து அவரை இரகங்கள் பகல் நீளத்தைப் பாராமல் எப்பருவத்திலும் காய்ப்பவை; பந்தலும் வேண்டாம். இடமில்லாதவர்களுக்கு அவை நல்வரம். நான் மாசியில் அதை விதைத்திருந்தால் கறிக்குக் கவலையே இருந்திருக்காது. ஆனால், பந்தலேறி மாதக்கணக்கில் நாள்தோறும் ஒரு கை காய் கொடுக்கும் பழைய கொடியின் இடத்தை அது நிரப்பாது என்பது என் கருத்து. கலப்பின விதைகளிலிருந்து நாம் எடுக்கும் விதை மறு ஆண்டு தாயைப் போல் வராது என்பதும் தெரிந்ததே.

வீட்டு விதையிலும் எச்சரிக்கை தேவை. அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும். ஆகவே இனம் கெடாது. சுரை அப்படியன்று. பக்கத்தில் கசப்புச் சுரை இருந்தால், பூச்சி அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். அவ்விதையிலிருந்து வரும் கொடியில் கசப்புக் காய் காய்க்கலாம். அக்கசப்பு வெறும் சுவைக்குறை அன்று, நஞ்சு. நறுக்கும்போது ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். சாறாகக் குடிப்போர் இதில் சிறிதும் அலட்சியம் காட்டலாகாது.

எஞ்சிய ஒரு பிடி விதையை 2023 ஆடியில் அப்பாயியே குழியில் ஊன்றினார். கட்டிலை விட்டு இறங்கி, குழிக்கு மூன்றாக எண்ணிப் போட்டார். என் கையில் விதையைக் கொடுக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன் பந்தற்கால்களை நான் ஆழமாக நட்டேன். அது மட்டுமே எனக்கு விடப்பட்ட வேலை. அசுவினி கண்ட தளிர்மீது பனி ஈரத்தோடு சாம்பல் தூவினோம். கொடியேறும் எறும்புச் சாரியையும் தடுத்தோம், ஏனெனில் இனிப்பு நீருக்காக அசுவினியைக் காப்பது எறும்புதான். பூ வந்தது. அடிக்கொடியில் முதலில் திரண்ட காய்களைக் கறிக்குப் பறிக்காமல் துணி கட்டி அடையாளம் வைத்தார் அப்பாயி. 2024 மாசியில் நெற்று உடைத்தபோது கலயம் முக்கால் நிறைந்தது.

ஒரு பந்தல் சரிந்தால் விதையே போய்விடும் நிலை இனி வேண்டாமென்று, சாம்பலில் புரட்டிய விதையில் ஆளுக்கு ஒரு பிடியாக மூன்று வீடுகளுக்குக் கொடுத்துவிட்டோம். செருப்புக் கட்டிய வீட்டுக்கும் ஒரு பிடி போயிருக்கிறது. கொடுக்கும்போது அப்பாயி சொல்லியனுப்பியது ஒன்றே: “ஆடிக்கு முன்னாடி கலயத்தைத் தொறக்கக் கூடாது.”